எல்லாருக்கும் பத்து

முப்பது படிவங்கள். முப்பதிலும் பதினான்காம் கேள்விக்குப் பதில் பத்து. கடந்த முப்பது நாட்களில் எத்தனை நாள் மீன் விற்கப் போனீர்கள்? பத்து. அதற்கு அடுத்த கேள்வி, போகிற நாளில் எத்தனை அன்னக்கூடை மீன் எடுத்துப் போவீர்கள்? இரண்டு. ஐந்தாம் படிவத்திலேயே பிரபாவதிக்கு மூக்கு வியர்த்துவிட்டது. பத்தாவதில் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். முப்பதையும் புரட்டி முடித்தபோது, சொல்லக் கூசினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் போலீசில் மட்டும் இல்லை. செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் சின்ன ஆய்வு நிறுவனம் ஒன்று உண்டு. எங்கெங்கோ இருக்கிற பொருளாதாரப் பேராசிரியர்கள் ஏதாவது ஒரு கேள்வியைத் தலையில் போட்டுக்கொண்டு தூக்கம் இல்லாமல் இருப்பார்கள். அவர்களுக்காக இந்த நிறுவனம் ஆட்களை வீடு வீடாக அனுப்பிக் கேட்டு, எழுதி, எண்களாக்கிக் கொடுக்கும். படிவத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் வாசற்படியில் உட்கார்ந்திருப்பவள் பிரபாவதி. எந்தத் தகவலை நம்பலாம், எது வீட்டில் உட்கார்ந்து எழுதியது என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. அதில் கெட்டிக்காரி என்று பெயர். சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் அவள் வீட்டில் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். அவள் கணவன் லட்சுமணன் பள்ளிக்கூட வாத்தியார். தக்காளி கிலோ என்ன விலை என்று அவள் கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு முறை எச்சில் விழுங்குவார்.

இந்த முறை கேள்வி மாமல்லபுரம் கடற்கரையைப் பற்றியது. அங்கே விடுதிகளும் ஓட்டல்களும் பெருகிக்கொண்டே போகின்றன. அதனால் மீன் விற்கும் பெண்களுக்கு வேலை நாள் கூடியதா, குறைந்ததா? இதைத்தான் சென்னையில் ஒரு பேராசிரியர் கேட்டிருந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே நடுமேட்டுக் குப்பத்தில் மீன் விற்கிற பெண்கள் அறுபது பேர். வடக்குத் தெரு முப்பது வீடும் சகுந்தலாவுக்கு, தெற்குத் தெரு முப்பது வீடும் ஹரிசங்கருக்கு என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பத்து பத்தாக வந்த முப்பதும் சகுந்தலாவுடையவை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பேராசிரியருக்கு எண்கள் போய்ச் சேர வேண்டும்.

ஹரிசங்கரின் படிவங்களை அவள் போன வாரமே பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டாள். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. ஏழு, பதின்மூன்று, ஒன்பது, பன்னிரண்டு, எட்டு, பதினொன்று என்று ஒருத்திக்கு ஒரு மாதிரி. மனுஷர்கள் என்றால் அப்படித்தானே இருப்பார்கள். ஒருத்திக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், இன்னொருத்தி தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருப்பாள், வேறொருத்தி ஆசைப்பட்டு நான்கு நாள் கூடுதலாக ஓடியிருப்பாள். ஒரே குப்பம், ஒரே மாதம், ஒரே கேள்வி. தெற்குத் தெருவில் இவ்வளவு விதமாக வாழ்கிறவர்கள் வடக்குத் தெருவில் மட்டும் அச்சடித்ததுபோல் ஏன் இருக்கப் போகிறார்கள்?

கூட்டி வகுத்துப் பார்த்தாள். ஹரிசங்கரின் முப்பதுக்கும் சராசரி சரியாகப் பத்து. அங்கேதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது போலிருந்தது. சகுந்தலா டீக்கடையில் நாலு பேரிடம் விசாரித்திருக்கிறாள், ஏறக்குறையப் பத்து நாள் போவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதையே முப்பது வீட்டுக்கும் வாரி இறைத்துவிட்டாள். பொய் எழுதுகிறவர்களுக்கு முழு எண் என்றால் உயிர் என்பது பிரபாவதியின் நீண்ட நாள் கண்டுபிடிப்பு.

போதாக்குறைக்குக் கடைசிப் பக்கம். அதில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். வீட்டில் ஏதாவது விசேஷமாகத் தெரிந்தால் எழுதுவதற்கு. பெரும்பாலும் யாரும் எழுத மாட்டார்கள். சகுந்தலா முப்பது படிவத்திலும் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: முறை. முறைப்படி வீட்டுக்குப் போனேன், முறைப்படி கேட்டேன் என்று அவள் சத்தியம் பண்ணுவதாகப் பிரபாவதி எடுத்துக்கொண்டாள். கேட்காமலே ஒருத்தி முப்பது தடவை சத்தியம் பண்ணினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

இது ஒரு கண்டிப்போடு முடிகிற விஷயமும் இல்லை. வீட்டுக்குப் போகாமல் எழுதினார் என்று ஒருவரைப் பற்றி முடிவானால் அவர் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். இந்த வட்டாரத்தில் இதே வேலை செய்யும் மற்ற நிறுவனங்களுக்கும் அந்தப் பட்டியல் போகும். அப்புறம் எவரும் கூப்பிட மாட்டார்கள். சகுந்தலாவுக்கு ஐம்பது வயது. திருக்கழுக்குன்றத்தில் தனியாக இருக்கிறாள். கணவன் போன பிறகு இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது இந்தப் படிவங்களை எழுதித்தான். வேறு வேலை அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் வயதும் தாண்டிவிட்டது. பிரபாவதிக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் பாவம் பார்க்க ஆரம்பித்தால் எண்ணைப் பார்க்க முடியாது என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமையே இயக்குநர் ராகவனிடம் சந்தேகத்தைச் சொல்லிவைத்தாள். செவ்வாய்க்கிழமை, வேறு யாரிடமும் சொல்லாமல், நிறுவனத்தின் வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனாள். காரின் முன் கண்ணாடியில் 'ஆய்வுப் பணி' என்ற அட்டை. கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை. முப்பது வீட்டில் ஆறு வீட்டைச் சீட்டுக் குலுக்கிப் பொறுக்கி வைத்திருந்தாள். எல்லா வீட்டிலும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஒரு வீட்டில் கலர் சோடா கூட வாங்கிவந்து கொடுத்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை.

பதிலுக்குத்தான் குறைவு. முதல் வீட்டுக்காரி மாதம் நான்கு நாள்தான் போகிறேன் என்றாள். இரண்டாமவள் ஆறு. பூங்கொடி என்ற மூன்றாமவள், முப்பத்தைந்து வயது இருக்கும், முட்டியைத் தடவிக்கொண்டே, வலி தாங்கவில்லை, மூன்று நாள் போனால் அதிகம் என்றாள். அப்புறம் ஐந்து, ஏழு, நான்கு. பத்து என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. சகுந்தலா வந்து கேட்டாளா என்று கேட்டதற்கு ஆறு பேரும் சொல்லிவைத்ததுபோலச் சுவரைப் பார்த்தார்கள். யாரோ வந்தார்கள், ஏதோ கேட்டார்கள், ஞாபகம் இல்லை என்றார்கள்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. காரில் திரும்பி வரும்போது பிரபாவதி அறிக்கையை மனத்துக்குள்ளேயே எழுதி முடித்துவிட்டாள். அந்த ஆறு பதில்களும் ஹரிசங்கரின் எண்களோடும் ஒட்டவில்லை என்பதை அவள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு பக்கத்தையே பார்க்கிறவர்களுக்கு மறுபக்கம் இருப்பதே மறந்துபோகும்.

புதன்கிழமை சகுந்தலாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். அவள் வெயிலில் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிரபாவதி முப்பது படிவத்தையும் மேசையில் பரப்பி, ஆறு வீட்டுப் பதிலையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். பூங்கொடி மூன்று நாள் என்று சொன்னதைக் கேட்டபோது மட்டும் சகுந்தலாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்பா, பயமா என்று பிரபாவதியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பயம் என்று குறித்துக்கொண்டாள்.

"இருவத்திரெண்டு வருஷமா எழுதறேன் மேடம்," என்றாள் சகுந்தலா. "ஒரு வூட்டுக்குப் போவாம ஒரு எழுத்து எழுதனது இல்ல."

"அப்ப எல்லாருக்கும் எப்படிப் பத்து வரும்?"

"அவுங்க பத்துன்னாங்க, நான் பத்துன்னு எழுதனேன். காரணமும் எழுதி வச்சிக்கீறேனே, கடைசிப் பக்கத்துல."

"முறைன்னு ஒரு வார்த்தை எழுதினா ஆச்சா? அதுக்கு என்ன அர்த்தம்?"

சகுந்தலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூடக் கேட்காத கேள்வியைப் படித்த பெண்மணி கேட்கிறாளே என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்; அல்லது தன்னை வம்புக்கு இழுக்கிறாள் என்று நினைத்திருக்கலாம். முகம் கறுத்துவிட்டது.

"மொறைன்னா மொறதான் மேடம். வேற இன்னா எழுதறது?"

இப்படித்தான் அவர்கள் இரண்டு பேரும் ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் சகுந்தலா தன் பக்கம் வாதாடவில்லை, கெஞ்சவும் இல்லை. எழுந்து நின்று, வெள்ளிக்கிழமை விடிகாலை ஆறு மணிக்குக் குப்பத்துக்கு வரச் சொன்னாள். கார் வேண்டாம், பஸ்ஸில் வாங்க, கழுத்தில் மாட்டியிருப்பதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வாங்க, ஒரு மணி நேரம் மணலில் நின்று பாருங்க, அப்புறம் என் பெயரை எந்தப் பட்டியலில் வேண்டுமானாலும் எழுதுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமையாம். பிரபாவதி மனத்துக்குள் சிரித்துக்கொண்டாள். நடுவில் ஒரு முழு நாள் இருக்கிறது. அதற்குள் முப்பது பேருக்கும் சொல்லிக் கொடுத்து வைக்கலாம், நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோல. யார் காதில் பூ சுற்றுகிறாள்? வியாழக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் போகிற முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று லட்சுமணன் கேட்டதற்கு, ஒருத்தி குட்டை உடைக்கப் போகிறேன் என்றாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமல்லபுரத்தில் ஷேர் ஆட்டோ மாறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி, சவுக்குத் தோப்பு ஓரமாக நடந்து குப்பத்து மணலுக்கு வந்தபோது வெளிச்சம் பரவியிருந்தது. அடையாள அட்டை பைக்குள் இருந்தது. அதைக் கழற்றச் சொன்னது சகுந்தலா என்பதை அவள் நினைக்க விரும்பவில்லை. யாருக்கும் தெரியாமல் நிற்பதற்காக என்று காரணம் சொல்லிக்கொண்டாள். வலை குவித்திருந்த ஒரு கொட்டகையின் நிழலில் ஒதுங்கி நின்றாள்.

ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. சங்கராவும் காரப்பொடியும் கிழங்கானும் மணலில் கொட்டப்பட்டு ஏலம் நடந்தது. பெண்கள் அலுமினிய அன்னக்கூடைகளோடு வந்தார்கள். ஆளுக்கு இரண்டு கூடை. பிரபாவதி எண்ண ஆரம்பித்தாள். இருபது பேர். மறுபடி எண்ணினாள். இருபதுதான். மூன்றாவது தடவை, பூப்போட்ட சேலை, பச்சை ரவிக்கை என்று அடையாளம் வைத்துக்கொண்டு எண்ணினாள். கூடக் குறைய ஒரு ஆள் இல்லை, கூடக் குறைய ஒரு கூடை இல்லை.

கூட்டத்தின் நடுவில் பூங்கொடி இருந்தாள். மூன்று நாளுக்கு மேல் போகமுடியாத அந்த முட்டியை மடக்கிக் குனிந்து, நிறைந்த கூடையைத் தலைக்கு ஏற்றி, இன்னொன்றை இடுப்பில் அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். பிரபாவதிக்கு ஆத்திரமாக வந்தது. யார் யாரிடம் பொய் சொல்கிறார்கள் என்பதே ஒரு கணம் குழம்பிவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. இருபத்தொன்றாவதாக ஒரு பெண் வெறும் கூடையோடு வேகவேகமாக வந்தாள். ஏலத்துக்கு நின்றிருந்த மூன்று பேர் வழியை மறித்தார்கள். சண்டை என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் பேசுவதுபோல்தான் இருந்தது.

"இன்னிக்கு உம் மொற இல்லடி. சனிக்கெயமதான் உனுக்கு."

"வெளியூர்ல இருந்து ஆளு வந்துகீறாங்க. ஒரே ஒரு கூட எடுத்துக்கினு போறேன்."

"ஒரு கூடயும் கெடையாது. மொற வந்தா வா."

அந்தப் பெண் கூடையை இடுப்பில் இடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். பிரபாவதி மனத்துக்குள் கணக்குப் போட்டாள். அறுபது பேர். ஒரு நாளைக்கு இருபது. மூன்று நாளுக்கு ஒரு தடவை ஒருத்திக்கு. முப்பது நாளில் பத்து. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க இவள் வீட்டு வாசலிலேயே தினமும் கேட்கிற சொல். இன்று யார் முறை, நாளை யார் முறை. அந்த முறை. முப்பது படிவத்திலும் அதைத்தான் சகுந்தலா எழுதியிருந்தாள். சத்தியமும் இல்லை, பூசி மெழுகலும் இல்லை, வெறும் காரணம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்த பூங்கொடி அவளைப் பார்த்துவிட்டாள். முதலில் அடையாளம் தெரியாதவள் போலத் திரும்பிக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, கூடைகளை இறக்கி வைத்துவிட்டு அவளே கூப்பிட்டாள். கார் எங்கே என்று கேட்டாள். இல்லை, பஸ்ஸில் வந்தேன் என்றதும் கொஞ்சம் இளகினாள். பிரபாவதி கேட்கக் கேட்க முழுக்கதையும் வந்தது.

ஓட்டல்கள் பெருகியபோது முதல் வருஷம் எல்லாரும் எல்லா நாளும் ஓடினார்களாம். ஓட்டல்காரர்கள் ஒருத்தியை இன்னொருத்தியோடு மோதவிட்டு விலையை இறக்கி அடித்தார்கள். நடுரோட்டில் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்த நாளும் உண்டு. கடைசியில் ஊர் கூடி, நாளுக்கு இருபது பேர், ஆளுக்கு இரண்டு கூடை என்று முறை வைத்தது. அதிலிருந்து சண்டையும் இல்லை, விலையும் இறங்கவில்லை. மீதி நாளில் கருவாடு போடுகிறார்கள், வலை பார்க்கிறார்கள். சென்னைப் பேராசிரியர் தூக்கம் இல்லாமல் தேடிக்கொண்டிருந்த பதில் முழுவதும் பூங்கொடியின் வாயிலிருந்து இரண்டு நிமிஷத்தில் வந்து விழுந்தது. அதன் சுருக்கம் முப்பது படிவத்தின் கடைசிப் பக்கத்திலும் ஏற்கெனவே இருந்தது.

அப்படியானால் தன்னிடம் ஏன் மூன்று நாள் என்று சொன்னாள் என்று பிரபாவதி கேட்டாள். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

"நீ கார்ல வந்த. கய்த்துல அட்ட மாட்டிகினு வந்த," என்றாள் பூங்கொடி. "கார்ல வர்றவங்கிட்ட நெறய வேல கீதுன்னு சொன்னா, வர்ற ஒதவிய வெட்டிப்புடுவாங்க. அதான் அக்கா வந்து கேட்டதயும் ஞாபகம் இல்லன்னோம். சகுந்தலாக்கா அப்பிடியா? எங்க கூட மணல்ல குந்திகினு கேக்கும். அக்காகிட்ட சொன்னது கணக்கு. உங்கிட்ட சொன்னது மனு."

பிரபாவதிக்கு அந்த வார்த்தை எங்கேயோ போய்த் தைத்தது. இத்தனை காலமும் மறுசோதனை என்று பெயர் வைத்து அவள் ஊர் ஊராகப் போய் வாங்கி வந்ததெல்லாம் மனுக்கள்தானா?

ஷேர் ஆட்டோ வந்தது. பூங்கொடி கூடையைத் தூக்கினாள். பிரபாவதிக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. சந்தேகப்பட்டே பழகிய மனம் திருந்திய பிறகும் சும்மா இருக்குமா? முறை வடக்குத் தெருவுக்கு மட்டுமா, தெற்குத் தெருவுக்கும் உண்டா என்று கேட்டாள்.

"ஊருக்கே ஒரே மொறதான். ஏன்?"

ஆட்டோ போய்விட்டது.

செங்கல்பட்டு திரும்பும் வரை அவள் ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்கவில்லை. ஏழு, பதின்மூன்று, ஒன்பது, பன்னிரண்டு. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்த அந்த எண்கள். அவற்றுக்குத்தான் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவற்றை அளவுகோலாக வைத்துத்தான் சகுந்தலாவைத் திருடி என்று முடிவு கட்டியிருந்தாள். படுபாவி, ஒரு வீட்டுப் படிகூட ஏறாமல் கூடுவாஞ்சேரியில் தன் வீட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருக்கிறான், என்னையே ஏமாற்றிவிட்டான் என்று திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பல்லைக் கடித்தாள். பட்டியலில் ஏற வேண்டிய பெயர் மாறியது, அவ்வளவுதான். அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. குற்றவாளி ஒருவன் கிடைத்துவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகத்தானே செய்யும்.

அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக ஹரிசங்கரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அவனுக்கு இருபத்தேழு வயது. பொருளாதாரத்தில் எம்.ஏ. அதிர்ந்து பேசத் தெரியாதவன், கொடுத்த வேலையை நாள் தவறாமல் முடிப்பவன். பிரபாவதி நடத்திய பயிற்சி வகுப்புகளில் முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன். அவள் சுற்றி வளைக்கவில்லை. தெற்குத் தெருவில் எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்டாள்.

முப்பதுக்கும் போனேன் மேடம் என்றான். பொய் சொல்கிறாய் என்றாள். அவன் கைப்பேசியை எடுத்துப் படங்களைக் காட்டினான். முப்பது வாசல்கள், முப்பது பெண்கள், தேதியோடும் நேரத்தோடும். சில படங்களில் அவனும் மணலில் உட்கார்ந்திருந்தான்.

பிரபாவதிக்கு ஒன்றும் புரியவில்லை. போகாமல் எழுதுகிறவர்களை அவளுக்குத் தெரியும். போய்விட்டு வந்து மாற்றி எழுதுகிறவனை அவள் பார்த்ததே இல்லை. பத்து நாள் என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. மேசை விளிம்பைத் தடவினான்.

"எல்லாருமே மேடம்."

அதற்குப் பிறகு அவன் நிறுத்தாமல் பேசினான், நெஞ்சில் இருந்ததை இறக்கி வைக்கிறவன் போல.

"முதல் பத்து வீடும் பத்து பத்துன்னே வந்துச்சு. ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தா, எழுதினவன் வீட்டுக்கே போகலைன்னு அர்த்தம்னு வகுப்புல நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. அதை அப்படியே உங்க மேசையில கொண்டுவந்து வெச்சா என்னை வேலையை விட்டே தூக்கிடுவீங்கன்னு பயம். அதான் ஒரு படிவத்துல கூட்டி இன்னொண்ணுல குறைச்சேன். சராசரி மாறாமப் பாத்துக்கிட்டேன். உண்மை கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் மேடம்."

அவன் திமிராகச் சொல்லவில்லை, மழுப்பவும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அவன் தன்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். போய் உட்கார் என்று அவனை அனுப்பிவிட்டு, சகுந்தலாவின் பெயர் எழுதித் தயாராக வைத்திருந்த தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். ஹரிசங்கரின் பெயரை எழுதப் புதுத் தாள் எடுத்தாள். பேனா நகரவில்லை. அந்தத் தாளையும் ஓரமாக வைத்தாள்.

சகுந்தலாவுக்குப் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை வரை பொறுக்காமல் இன்றைக்கே போனதைச் சொல்லி, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். இப்படிச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் இரண்டு தடவை சொன்னாள். சகுந்தலா, சரி மேடம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று பிரபாவதி யோசிக்கத் தொடங்கி, யோசிக்காமல் விட்டாள்.

மிச்சம் இருந்தது இயக்குநர் ராகவன். அவர் டில்லியில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். போனில் பிடித்து, நடுமேட்டுக் குப்பத்து எண்களில் பாதி செல்லாது, பேராசிரியருக்குப் போனதைத் திரும்பப் பெற வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு எதுவும் கொடுக்க முடியாது என்றாள். அவர் பதறவில்லை. அந்தச் சகுந்தலாதானே, நீங்கள்தான் திங்கட்கிழமையே சொன்னீர்களே, பெயரைப் பட்டியலில் ஏற்றிவிடுங்கள் என்றார். இல்லை சார், அவருடைய முப்பதும் சுத்தம் என்றாள். அப்படியானால் தப்பு யாருடையது, ஹரிசங்கருடையதா, அந்தப் பெயரை ஏற்றுங்கள் என்றார். அதுவும் முடியாது என்றாள் பிரபாவதி. ராகவனுக்கு எரிச்சல் வந்தது. அறுபது படிவத்தில் முப்பது பொய் என்கிறீர்கள், யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டாமா, யார் என்று கேட்டார்.

"நான்தான் சார். ஒருத்தங்க உண்மையை எழுதினாங்க, நான் நம்பல. இன்னொருத்தர் நான் நம்புற மாதிரி எழுதினார்."

மறுமுனையில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. ராகவன் எங்கோ ஒதுங்கி நடந்து போனார் போலிருக்கிறது, இரைச்சல் குறைந்தது. திரும்பப் பேசியபோது அவர் குரலில் எரிச்சல் இல்லை, வேறு ஏதோ இருந்தது. ஆட்களுக்கான பயிற்சி வகுப்பை நீங்கள் எத்தனை காலமாக நடத்துகிறீர்கள் என்று கேட்டார்.

பிரபாவதி எதிரே இருந்த இரும்பு அலமாரிகளைப் பார்த்தாள். மீனவர், நெசவாளர், கல் உடைப்பவர், செங்கல் சூளைக்காரர் என்று ஊர் வாரியாக அடுக்கிக் கட்டிய படிவங்கள், எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. அத்தனையும் கண்ணுக்குக் குளிர்ச்சியான எண்கள்.

"எட்டு வருஷமா சார்," என்றாள்.